செரித்தலும் கரைதலும்

ஒரு சொல் பல துறைகளிலும் புகுந்து வழங்கும்பொழுது, அச்சொல்லை ஆள்வோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒரு துறையில் அது நற்பொருள் தந்து நிற்கும். அங்குப் பெற்ற நற்பெயரையே துணையாகக் கொண்டு மற்றொரு துறையுள் நுழைந்து, தீச்செயலொன்றுக்குத் திரையாகவும் நின்றுவிடும். ஆங்கிலத்தில் ‘அசிமிலேசன்’ என வழங்கும் சொல் அத்தகையது. உயிரியலார் அதனை ஆள்கின்றனர், மொழிநூலார் ஆள்கின்றனர், குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆய்வோர் ஆள்கின்றனர், நாடாள்வோரும் ஆள்கின்றனர். நால்வர் வாயிலும் சொல் ஒன்றே. நால்வரும் சுட்டும் செயலும் ஒன்றுதானா என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது.

அச்சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘சிமிலிசு’ என்பது அம்மொழியில் ‘ஒத்தது’ என்னும் பொருட்டு. அதன்முன் ‘அட்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, ஒன்றைத் தன்னை ஒத்ததாக ஆக்கிக்கொள்ளுதல் என்னும் பொருள் பிறந்தது. தமிழில் இதனைத் தன்வயமாக்கல் எனலாம். எந்த வினையைக் கேட்டாலும், வினைமுதல் யார், செயப்படுபொருள் எது என்று வினவுவது தமிழிலக்கணம் பயில்வோர்க்கு முதற்பாடம். தன்வயமாக்கல் என்றவுடன், ஆக்குவது ஒன்றும் ஆக்கப்படுவது ஒன்றுமாக இருவர் கண்முன் வந்து நிற்கின்றனர். ஆங்கில வினையோ அவ்விரண்டையும் ஒரே வடிவில் அடக்கிக்கொள்கின்றது. உண்டவன் உணவைச் செரித்தான் என்பதற்கும், வந்தேறியவன் பெருங்கூட்டத்துள் கரைந்தான் என்பதற்கும் அங்கு வினை ஒன்றே. செரித்தவன் வாழ்கின்றான், கரைந்தவன் இல்லையாகின்றான். வாழ்வையும் இன்மையையும் ஒரு சொல்லால் சுட்டுவது எத்துணைப் பெரிய மயக்கத்திற்கு இடந்தரும் என்பதைத் துறைதுறையாகப் பார்ப்போர் எளிதில் உணர்வர்.

முதற்கண் உடலைப் பார்க்கலாம். உண்ட சோறு சோறாகவே உடலில் தங்குவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தை வாயில் ஊறும் உமிழ்நீரே சருக்கரையாக உடைக்கத் தொடங்கிவிடுகின்றது. பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் சிறுசிறு கூறுகளாகப் பிரிகின்றது. அக்கூறுகள் குடலின் உட்சுவரால் உறிஞ்சப்பெற்றுக் குருதியிற் கலந்து உடலெங்கும் செல்கின்றன. அங்கு ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டியவற்றை எடுத்துத் தன் முறைப்படி மீண்டும் கோத்துக்கொள்கின்றது. உயிரியலார் தன்வயமாக்கல் என்பது இந்தக் கடைசிச் செயலையே. துவரம்பருப்பின் புரதம் மாந்தனின் தசையாகின்றது. பசுவின் வயிற்றிற் சென்ற புல் பசுவின் உடம்பாகின்றது. புல்லைத் தின்ற பசு எங்கும் புல்லானதில்லை. செரிமானத்தின் அறம் இது: உண்பது தன் உருவோடு நிற்கும், உண்ணப்படுவது தன் உருவை இழக்கும்.

ஆயின் உயிருலகில் எல்லாமே உண்பதும் உண்ணப்படுவதுமாக முடிந்துவிடவில்லை. உளுந்துச் செடியையோ அவரைக்கொடியையோ கொளுஞ்சியையோ வேரோடு பிடுங்கிப் பார்த்தால், வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றுள் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிகள் தாமே பற்றிக்கொள்ள இயலாது. அந்நுண்ணுயிர்கள் அதனைப் பற்றிச் செடிக்கு ஏற்ற வடிவில் தருகின்றன. செடி அதற்கு ஈடாகத் தான் சமைத்த சருக்கரையை அவற்றிற்குத் தருகின்றது. செடியும் நுண்ணுயிரும் ஒன்றாய் வாழ்கின்றன; எனினும் ஒன்று மற்றொன்றாக மாறிவிடவில்லை. நெல் விதைக்குமுன் வயலில் கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுத தமிழ் உழவன், இவ்விரு உயிர்களின் கூட்டால் விளைந்த உரத்தையே மண்ணுக்கு ஊட்டினான். எனவே, இயற்கையே ஒன்று மற்றொன்றை விழுங்கச் சொல்கின்றது என்று கூறுவோர் இயற்கையைப் பாதியே படித்தவராவர்.

இனி, ஒலியைப் பார்க்கலாம். இரண்டு ஒலிகள் அடுத்து வரும்பொழுது ஒன்று மற்றொன்றைத் தன்போலாக்குதலை மொழிநூலார் இச்சொல்லாற் குறிப்பர். ‘மரம்’ என்பதனோடு ‘கள்’ சேர, மகரம் ஙகரமாகி ‘மரங்கள்’ ஆகின்றது. ‘நல்’ என்பதனோடு ‘நூல்’ சேர ‘நன்னூல்’ ஆகின்றது. ‘கல்’, ‘மலை’ என்பன ‘கன்மலை’ ஆகின்றன. மேலைநாட்டார் பிற்காலத்தில் ஆய்ந்து பெயரிட்ட இம்மாற்றத்தைத் தொல்காப்பியர் புணரியலிலேயே மெய்பிறிதாதல் என வகுத்துவிட்டார். வியப்பென்னவெனின், ஆங்கிலச் சொல்லே தன் பொருளுக்குத் தானே எடுத்துக்காட்டாய் நிற்பதுதான். ‘அட்’ என்னும் முன்னொட்டின் ஈற்றொலி, அடுத்து நின்ற சகரவொலியால் ஈர்க்கப்பட்டுத் தானும் அவ்வொலியாகவே மாறியது. சொல்லே தன் முன்னொட்டைச் செரித்துக்கொண்டு பிறந்தது என்க.

ஆனால், தமிழ்ப் புணர்ச்சியில் இரண்டு உண்மைகள் கூர்ந்து நோக்கத் தக்கன. ஒன்று, விட்டுக்கொடுத்தல் எப்பொழுதும் ஒருபக்கமாகவே நிகழ்வதில்லை. ‘பொன்’ என்பதனோடு ‘தொடி’ சேர்ந்து ‘பொற்றொடி’ ஆகும்பொழுது, நிலைமொழியின் னகரமும் றகரமாகின்றது. வருமொழியின் தகரமும் றகரமாகின்றது. இரண்டும் தத்தம் இடத்தினின்று ஓரடி நகர்ந்து நடுவில் கைகோக்கின்றன. மற்றொன்று, புணர்ந்த சொல்லைப் பிரிக்கலாம். பள்ளிச் சிறுவனும் ‘கன்மலை’யைக் ‘கல்’ என்றும் ‘மலை’ என்றும் பிரித்துக் காட்டுவான். பிரித்தவுடன் ‘கல்’ தன் லகரத்தோடு முழுமையாய் எழுந்து நிற்கின்றது. இடைக்கால் வளைந்தது, ஆனால் அழியவில்லை. சேரவேண்டிய இடத்திற் சேர்ந்தும், தனித்து நிற்கவேண்டிய இடத்தில் தனித்தும் நிற்பதே புணர்ச்சியின் பெருமை.

ஒலிகளுக்கு அடுத்துச் சொற்களைக் கொள்ளலாம். ஒரு மொழி பிறமொழிச் சொல்லை ஏற்க நேருங்கால் எவ்வாறு ஏற்பது என்பதற்கும் தொல்காப்பியர் வழி காட்டியுள்ளார். வடசொல் தமிழுக்குள் வருமாயின், வடமொழிக்கே உரிய எழுத்துகளைக் களைந்து, தமிழுக்குரிய எழுத்துகளைப் பூண்டு வருதல் வேண்டும் என்பது அவர் நெறி. கம்பர் அந்நெறி நின்றே இலக்குவன் என்றும் வீடணன் என்றும் பாத்திரப் பெயர்களைத் தமிழாக்கிக்கொண்டார். இது மொழியின் செரிமானம். மென்று, உடைத்து, தன் குருதியிற் சேர்த்துக்கொள்ளுதல். பிற்காலத்து மணிப்பிரவாளம் என ஒரு நடை எழுந்தது. அதில் வடசொற்கள் தம் எழுத்தோடும் தம் ஈற்றோடும் அப்படியே வந்து தமிழ்த்தொடர் நடுவே அமர்ந்தன. அது செரித்த உணவன்று. விழுங்கியது விழுங்கியபடியே வயிற்றிற் கிடந்த உணவு. செரியாத உணவு உடலை வளர்க்காது, நோயையே வளர்க்கும்.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழியக்கத்தைத் தொடங்கியபொழுது, தமிழ் வாயை மூடிக்கொள்ளச் சொல்கின்றார் என்று நகைத்தோர் பலர். அவ்வியக்கத்தார் கேட்டதோ வேறு. தனக்குச் சொல் உள்ளபொழுது பிறன் வாசலில் நின்று இரவாமையும், இல்லாதபொழுது தன் வேரினின்று முளைப்பித்துக்கொள்ளுதலும் அவர்கள் கேட்டவை. ‘அக்கிராசனர்’ போய் ‘அவைத்தலைவர்’ வந்ததும், ‘அபேட்சகர்’ போய் ‘வேட்பாளர்’ வந்ததும், ‘மந்திரி’ இருந்த இடத்தில் ‘அமைச்சர்’ அமர்ந்ததும் அதன் பயனே. ‘பேருந்து’ என்றும் ‘நூலகம்’ என்றும் இன்று எழுத்தறிந்தார் எவரும் தடையின்றி எழுதுகின்றனர். அவை ஒருகாலத்தில் நகைப்புக்கு ஆளான சொற்கள் என்பதையும் மறந்துவிட்டனர். ஆங்கிலமோ தமிழிலிருந்து ‘கட்டுமரம்’, ‘சுருட்டு’, ‘மிளகுத்தண்ணீர்’ முதலிய சொற்களை எடுத்துத் தன் வாய்க்கேற்ப மென்று தன்னவாக்கிக்கொண்டது. அச்சொற்களைப் பேசும் ஆங்கிலேயன் தமிழனாகிவிட்டதாக எவரும் சொல்வதில்லை. உண்டவன் உண்டவனாகவே இருக்கின்றான்.

குழந்தையின் உள்ளத்திலும் இச்செயல் நிகழ்வதாக உளவியலார் கூறுவர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் சான் பியாசே (1896-1980) இதனை விரித்துரைத்தார். நாயைக் கண்டு ‘நாய்’ என்னும் சொல்லைக் கற்ற குழந்தை, நான்கு காலோடு வரும் ஆட்டையும் கன்றையும் ‘நாய்’ என்றே அழைக்கும். புதியதைத் தன்னிடம் முன்பே உள்ள அச்சில் வார்த்துக்கொள்ளும் இச்செயலுக்கே அவர் அப்பெயரை இட்டார். ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. ஆடு கத்துகின்றது, கொம்பு வைத்திருக்கின்றது, புல் தின்கின்றது. பழைய அச்சில் அது அடங்கவில்லை. அப்பொழுது குழந்தை தன் அச்சையே உடைத்துப் புதிதாய்ச் செய்துகொள்கின்றது. புதியதற்கேற்பத் தன்னை மாற்றியமைக்கும் இந்த இரண்டாம் செயலின்றி முதற்செயல் மட்டும் நிகழுமாயின் அறிவு வளராது என்பதே அவர் கண்ட உண்மை. ஏற்பவன் தானும் மாறாமல் ஏற்கப்படுவதை மட்டும் மாற்றுவானாயின், அவன் ஆட்டை நாயென்று அழைத்துக்கொண்டே இருக்கும் குழந்தையாகவே நின்றுவிடுவான்.

இம்மூன்று துறைகளிலும் பெற்ற நற்பெயரோடுதான் இச்சொல் நாடாள்வோர் கைக்கு வந்தது. அங்கு அது என்ன செய்தது என்பதற்குப் பிரெஞ்சு நாட்டின் வரலாறு தெளிந்த சான்று. 1794-ஆம் ஆண்டு, புரட்சி அரசின் பேரவையில் கிரெகுவார் என்னும் பாதிரியார் ஓர் அறிக்கை படித்தார். நாட்டின் வட்டார மொழிகளை அழித்துப் பிரெஞ்சு மொழியைப் பொதுவாக்குவதன் தேவையையும் வழிகளையும் பற்றியது அது. ‘அழித்தல்’ என்னும் சொல் அதன் தலைப்பிலேயே உண்டு. தூய பிரெஞ்சு பேசுவோர் முப்பது இலக்கத்தினர்க்கு மேலில்லை என்றும், அறுபது இலக்கத்தினர்க்கு அம்மொழியே தெரியாது என்றும் அவரே அதிற் கணக்கிட்டார். அச்சிறுதொகையினரின் மொழிக்காக எஞ்சியோரின் மொழிகள் இறக்கவேண்டும் என்பது அதன் முடிபு. அவர் கொடியவரல்லர், அடிமை முறையை எதிர்த்தவர், யூதர்க்கு உரிமை வழங்கப் போராடியவர். எல்லாரும் ஒப்பாதல் வேண்டுமென்று மெய்யாகவே விரும்பினார். ஒப்பாதல் என்பதனை ஒன்றாதல் என்று பிழைபடக் கொண்டதே அவர் செய்த குற்றம்.

அறிக்கை பள்ளிக்குள் வந்து சேர ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. கட்டாயக் கல்வி வந்த 1880-களுக்குப் பின், பிரெத்தோன் மொழி பேசும் மேற்குக் கடற்கரைப் பள்ளிகளில், தாய்மொழி பேசி அகப்பட்ட சிறுவன் கழுத்தில் ஒரு மரக்கட்டையோ பழஞ்செருப்போ தொங்கவிடப்பட்டது. அவன் அதனைக் கழற்றுவதற்கு ஒரே வழி, தாய்மொழி பேசும் மற்றொரு சிறுவனைப் பிடித்துக் கொடுப்பதே. மாலையில் அது எவன் கழுத்தில் இருந்ததோ அவனுக்கு அடி. வேல்சு நாட்டுப் பள்ளிகளிலும் இதுபோன்றே மரத்துண்டு ஒன்று தொங்கியது. குழந்தையைக் குழந்தைக்கு ஒற்றனாக்கிய இக்கொடுமைக்கும் செரிமானத்தின் பெயரே வழங்கிற்று. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பத்து இலக்கத்தினர்க்கு மேற்பட்டோர் பேசிய பிரெத்தோன் மொழியை இன்று பேசுவோர் இரண்டு இலக்கத்தினர்க்கும் குறைவு. அவருள்ளும் முதியோரே மிகுதி. 1977-இல் பெற்றோர் தாமே முன்வந்து பிரெத்தோன் மொழிவழிப் பள்ளிகளைத் தொடங்கினர். ஆயினும், பாடமனைத்தையும் வட்டார மொழியிற் பயிற்றும் முறைக்கு இடந்தந்த சட்டப்பகுதியை 2021-இல் அந்நாட்டு அரசமைப்பு மன்றம் செல்லாதெனத் தள்ளியது. அந்த வயிறு இன்னும் பசித்தே இருக்கின்றது.

அதே பிரெஞ்சு அரசு தன் கொள்கையைக் கப்பலேற்றிப் புதுச்சேரிக்கும் கொண்டுவந்தது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து முறைமன்றத்துள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசுத் தலைமை முறைமன்றம்வரை சென்று வழக்காடி வென்றார். 1881-இல் ஒரு சட்டம் பிறந்தது. தம் மரபுவழி வந்த குடும்ப வழக்காறுகளைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுப்போர், அச்சட்டப்படி பிரெஞ்சுக் குடிகளாகக் கொள்ளப்படுவர். எழுதிக் கொடுத்தவர் தமக்கு மட்டுமன்றித் தம் மனைவிக்கும் பருவமெய்தாப் பிள்ளைகட்கும் சேர்த்தே கொடுத்தார். கொடுத்ததை மீண்டும் திரும்பப் பெறுதற்கு வழியில்லை. குடும்பப் பெயரொன்றும் தேர்ந்துகொள்ளல் வேண்டும். பொன்னுத்தம்பியும் எழுதிக் கொடுத்தார். இலபோர்த்து என்னும் பிரெஞ்சுப் பெயரைப் பூண்டார்.

அவர்களைப் பழிப்பது எளிது. பழிக்குமுன் ஒன்றை எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எழுதிக் கொடுத்தோருள் பலர் சாதியால் ஒடுக்கப்பட்டோர், கிறித்தவம் தழுவியோர். பிறந்த மண் அவர்களை ஒப்பாக மதித்திருந்தால், அயலான் ஏட்டில் அவர்கள் ஏன் கையெழுத்திடப் போகின்றனர்? தன் வீட்டுப் பிள்ளைக்குச் சோறிடாத தாய், பிள்ளை அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்ததற்காக அழுவதில் பொருளில்லை. சாதியைக் கையில் வைத்துக்கொண்டு இனவொற்றுமை பேசுவோர் இவ்வரலாற்றை நெஞ்சிற் பொறித்துக்கொள்வாராக.

எழுதிக் கொடுத்தவர்க்குக் கிடைத்ததென்ன? 1884-இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பகுக்கப்பட்டது. ஐரோப்பியர்க்கு ஒன்று, மரபைக் கைவிட்டோர்க்கு ஒன்று, கைவிடாதோர்க்கு ஒன்று. தம்மைப் போலாகுக என்று அழைத்தவன், அவ்வாறே ஆகிவந்தவனை வாசலில் நிறுத்தி, நீ வேறு என்று மூன்றாவது பாயை விரித்தான். பெயர் போயிற்று, வழக்காறு போயிற்று, ஒப்புரிமையோ முழுமையாக வரவில்லை. கைவிட்டவை மட்டும் மீளவில்லை. பியாசே கூறிய இரண்டாம் செயலை நினைவுகூர்க. ஏற்பவன் தன் அச்சைச் சிறிதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆடு தன் கொம்பை அறுத்துக்கொண்டு வந்து நின்றும் அது நாயாக ஒப்புக்கொள்ளப்படவில்லை.

இன்னும் தொலைவில் நிகழ்ந்தது இதனினும் துயரமானது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்கட்குக் கையாட்கள் வேண்டி, இந்தியப் பெருங்கடலிலுள்ள இரியூனியன் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நூறாயிரவர்க்கு மேற்பட்ட இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர் பலர். அவர்தம் பிள்ளைகட்குக் கிறித்தவ முதற்பெயர் வந்தது. தந்தையின் தமிழ்ப்பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சிதைந்து குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. தோட்டத்திற் கிரெயோல், பள்ளியிற் பிரெஞ்சு. தமிழ் முதலிற் சந்தையை விட்டது. பின் முற்றத்தை விட்டது. கடைசியில் தொட்டிலை விட்டது. கோயில்கள் நின்றன, தீமிதி நின்றது, தமிழ்க்கூத்தும் சிலகாலம் நின்றது. ஆனால், பாடும் பாட்டின் பொருளறியாமல், உரோம எழுத்தில் எழுதிவைத்த ஒலியை மட்டும் பற்றிப் பாடும் தலைமுறை தோன்றியது. கன்மலையைப் பிரித்தாற் கல் கிடைக்கும். அங்கோ பிரித்துப் பார்ப்பதற்கு வேண்டிய மொழியே கரைந்துபோயிற்று. இன்று அத்தீவில் தமிழ் வழியினர் பலர் தமிழைப் பள்ளியிலும் கோயிற் கூடங்களிலும் அயன்மொழி கற்பார்போல அகரத்திலிருந்து கற்கின்றனர். பாட்டன் தொட்டிலிற் பெற்றதைப் பேரன் கரும்பலகையிற் தேடுகின்றான். அவர்தம் முயற்சி போற்றற்குரியது. அவர்கள் இழந்த நூறாண்டோ ஈடுசெய்தற்கரியது.

பிற நாடுகளிலும் கதை இதுவே. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1879-இல் பிராட்டு என்னும் படைத்தலைவர் கார்லைல் நகரில் தொடங்கிய உறைவிடப் பள்ளியில், தொல்குடிப் பிள்ளைகளின் நீள்முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. 1918 வரை அது நடந்தது. அதனைப் பார்த்துப் பல பள்ளிகள் எழுந்தன. கனடாவில் அத்தகைய பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அடைக்கப்பட்டனர். 2008-இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று அதற்காகப் பொறுத்தருள வேண்டினார். 2015-இல் உண்மையறி ஆணையம் அதனைப் பண்பாட்டு இனக்கொலை என்றே பெயரிட்டு எழுதியது. நூறாண்டுக் காலம் செரிமானம் என்று அழைத்ததன் உண்மைப் பெயர் அப்பொழுதுதான் ஏட்டில் ஏறியது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குங்கால், இச்சொல் எங்கு எதிர்ப்படினும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும் என்பது விளங்கும். செரிப்பவர் யார், செரிக்கப்படுபவர் யார் என்பது முதல் வினா. சேர்ந்தபின் பிரித்துப் பார்த்தால், சேர்ந்தவை தத்தம் உருவில் எழுந்து நிற்குமா என்பது இரண்டாம் வினா. ஏற்பவனும் ஓரடி நகர்ந்தானா, வந்தவன் மட்டுமே நகர்ந்தானா என்பது மூன்றாம் வினா. இம்மூன்றிற்கும் நேரிய விடை கிடைக்குமாயின் அது கூட்டுவாழ்வு. உளுந்தின் வேரில் நிகழ்வது. கிடையாதாயின் அது விழுங்கல். அதற்கு எந்த அறிவியற் பெயரைச் சூட்டினாலும் விழுங்கலே. நாட்டொற்றுமை என்னும் பெயரால் ஒரு மொழியைப் பிறமொழியார் எல்லார்மேலும் ஏற்ற முனைவோரிடமும் இவ்வினாக்களையே வைத்தல் வேண்டும்.

தமிழர் இவ்வினாக்களைப் பிறரிடம் மட்டும் கேட்டு அமைதல் முறையன்று. நீலமலையில் தோடர் மொழியும் கோத்தர் மொழியும் வாழ்கின்றன. அவற்றைப் பேசுவோர் மிகச் சிலரே. இரண்டும் தமிழின் உடன்பிறந்த மொழிகள். 1930-களில் எமனோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அம்மலையில் தங்கி அம்மொழிகளைக் கற்று, கோத்தர் கதைகளையும் தோடர் பாடல்களையும் தொகுத்து நூலாக்கினார். அடிவாரத்திலிருந்த தமிழ்ப்புலவர்க்கு அது தோன்றவில்லை. அக்குழந்தைகள் பள்ளியிற் புகுந்தவுடன் தம் மொழியை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டியுள்ளது. அவர்கள் கழுத்தில் மரக்கட்டை தொங்கவில்லை. எனினும் அவர்கள் மொழியில் ஓர் எழுத்தறிவுப் பாடமும் அவர்கட்காகக் காத்திருக்கவில்லை. பிறன் வயிற்றுக்கு இரையாகோம் என்று முழங்கும் மொழி, தன் தங்கை மொழிகட்குத் தானே வயிறாகிவிடுதல் தகுமா? தனக்கு வேண்டும் நயன்மையைப் பிறர்க்கும் வழங்குவதே தமிழறம்.

இறுதியாக வீட்டைப் பார்த்தல் வேண்டும். பிரெத்தோன் சிறுவன் கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டது அரசு. இன்று தமிழ்நாட்டு வீடுகளில் அக்கட்டையைத் தொங்கவிடுவோர் பெற்றோரே. தாய் தமிழிற் கேட்க மகள் ஆங்கிலத்தில் விடை சொன்னால், உறவினர் முன்னிலையில் பெருமையோடு புன்னகைக்கும் தாயைக் காணாத தெரு இல்லை. தமிழ் பேசினால் தண்டம் விதிக்கும் பள்ளிக்குப் பணங்கட்டி விண்ணப்பிக்கும் தந்தையர் வரிசையில் நிற்கின்றனர். எந்த ஆட்சியாளனும் இங்குச் சட்டம் இயற்றவில்லை. எந்தக் கப்பலும் எவரையும் ஏற்றிச் செல்லவில்லை. உண்ணப்படுபவன் தானே உப்புத் தூவிக்கொண்டு இலையில் ஏறி அமர்கின்ற விந்தை இது. ஆங்கிலம் கற்பது தவறன்று. ஆங்கிலத்தை உண்டு செரித்துத் தமிழில் நூலாக்குவோர் வாழ்க. அதன் வயிற்றில் தாம் கரைந்துபோவோர்க்கு இரியூனியன் தீவின் பாட்டன்மார் விட்டுச்சென்ற பாடம் முன்னிற்கின்றது. அவர்க்கு வேறு வழியில்லை, இவர்க்கு உண்டு.

வழியும் அரிதன்று. நியூசிலாந்தின் மாவோரி மக்கள், தம் மொழி முதியோர் வாயில் மட்டும் எஞ்சியிருந்ததைக் கண்டு அஞ்சினர். 1982-இல் ‘மொழிக்கூடு’ என்னும் பொருள்படும் பெயரில் மழலையர் கூடங்களைத் தொடங்கினர். பாட்டிமார் அங்கு வந்தமர்ந்து, பள்ளிப்பருவம் எய்தாப் பிள்ளைகளோடு மாவோரியில் மட்டுமே பேசினர்; பாடினர்; சோறூட்டினர். ஐந்தாண்டிற்குள் 1987-இல் அம்மொழி அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. அரசு வந்து காக்கும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, தொட்டிலிலிருந்து தொடங்கினர்.

தமிழ்வீடு ஒவ்வொன்றும் அத்தகைய கூடு ஆகுக. உலகத்து அறிவெல்லாம் அக்கூட்டிற்கு இரையாக வரட்டும். தமிழ் அதனை மென்று, செரித்து, தன் குருதியாக்கிக்கொள்ளட்டும். பிறமொழியார் வருவாராயின் ‘பொற்றொடி’யின் னகரமும் தகரமும்போல இருபாலும் ஓரடி நகர்ந்து கைகோக்கட்டும். கரைந்து போவதற்கு உப்புண்டு. தமிழன் உப்பாதல் வேண்டா.